லைன் வீட்டில் பெரியவர்களும் இளையவர்களும்: மாற்றிக் கட்டுவதும் குடிவைப்பதும்

எட்டு போர்ஷன், நடுவில் முற்றம், ஒரே கேட், ஒரே மோட்டார். காம்பவுண்டு வீடு, லைன் வீடு, ஸ்டோர் வீடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெரியவர்களும், பெற்றோரை ஊரில் விட்டுவந்த இளம் குடும்பங்களும் தனித்தனி அடுப்பு வைத்து அக்கம்பக்கமாக வாழ இதைவிடத் தோதான கட்டடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் இருக்கிறபடியே விட்டுவிட்டு “எல்லாரும் ஒத்தாசையா இருந்துக்குங்க” என்றால் ஆறு மாதம்கூடத் தாங்காது. படி, பாத்ரூம், தாழ்ப்பாள், வாடகைப் பத்திரம் நான்கிலும் கை வைத்தாக வேண்டும்.

வயதான பெற்றோர் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரத்தை ஜப்பானியர்கள் ‘சூப் ஆறாத தூரம்’ என்பார்கள். நமக்கு ரசக் கிண்ணம். அந்தத் தூரம் காம்பவுண்டில் தானாகவே இருக்கிறது. கிண்ணத்தோடு வருகிறவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்கிற ஏற்பாடுதான் இல்லை.

யாரை எந்தப் போர்ஷனில் வைப்பது

எட்டில் மூன்று பெரியவர்களுக்கு, நான்கு இளையவர்களுக்கு. மிச்சமிருக்கும் ஒன்றை, முடிந்தால் சின்னதாக ஓர் அறையும் பாத்ரூமும் மட்டும் உள்ளதை, யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வையுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் தங்க, ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு இரவு அட்டெண்டர் தேவைப்பட்டால் படுக்க அது உதவும். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாடகை போகிறதே என்று தோன்றும். அந்த அறை இல்லாத இடங்களில் பெரியவர்கள் முதல் பெரிய நோயிலேயே வீட்டைக் காலி செய்துவிடுகிறார்கள்.

பெரியவர் வீடு ஒன்றே ஒன்று என்றால் காம்பவுண்டே அவரைப் பார்த்துக்கொள்வதாக நினைக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். பாதிக்கு மேல் போனால் ஒவ்வோர் இளம் குடும்பத்தின் தலையிலும் ஒருவர் விழுவார். அவர்கள் வேறு வீடு தேடுவார்கள். நெதர்லாந்தின் டெவென்டர் நகரிலுள்ள ஹ்யூமானிட்டாஸ் இல்லத்தில் ஏறத்தாழ 160 முதியவர்களோடு ஆறு மாணவர்கள் மட்டும் தங்கியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். அங்கே பராமரிப்புக்குச் சம்பள ஊழியர்கள் இருந்தார்கள். மாணவர்கள் பேச்சுத்துணைக்கு வந்தவர்கள்.

பெரியவர்களுக்குக் கடைசிப் போர்ஷனைக் கொடுப்பது வீட்டுக்காரர்களின் வழக்கம். அமைதியாக இருக்கும், வாடகையும் குறைவு. இதுதான் முதல் தப்பு. அந்த மூலைக்கு யாரும் போக மாட்டார்கள். விழுந்தால் சத்தமும் கேட்காது. எந்த வரிசையானாலும் கேட்டிலிருந்து இரண்டாவது, மூன்றாவது போர்ஷன்தான் அவர்களுக்குச் சரி. முதல் போர்ஷன் வேண்டாம்: பார்சல்காரர், கேபிள்காரர், வழி கேட்பவர் எல்லோரும் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். எதிர்ப்பக்கத்து இளம் குடும்பத்தின் சமையலறை ஜன்னலில் நின்றால் பெரியவர் வாசல் தெரிய வேண்டும். வாசல் மட்டும், ஹால் தெரிந்தால் அது வேவு.

மாடி இருந்தால், பெரியவர் படுக்கையறைக்கு நேர்மேலே நைட் ஷிப்ட் போகிறவரை வைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் ஒன்று போதும், உறவு கெட.

வாசல் ஏற்றம்

பழைய லைன் வீடுகளில் பேஸ்மென்ட் ஒன்றரை அடி இருக்கும், இரண்டு உயரமான படி, கைப்பிடி கிடையாது. சக்கர நாற்காலிச் சரிவுக்குக் கணக்கு 1:12, அதாவது ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. அகலம் நான்கு அடி. பெரும்பாலான முற்றங்களில் இது நேராகப் போகாது. சுவரை ஒட்டி, இரண்டு போர்ஷனுக்கும் பொதுவாக ஒரே சரிவாக எடுத்தால் அடங்கும். அதற்காகத்தான் இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்து.

ஸ்கூட்டி ஏற்றக் கொத்தனார் போட்டுக் கொடுக்கும் மூன்றடிச் சரிவைச் சக்கர நாற்காலிக்கும் ஆகும் என்று நம்பாதீர்கள். ஏற்றும்போது தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது நாற்காலி கையை விட்டு ஓடும். சரிவில் டைல்ஸ் கூடாது. சொரசொரப்பாக விட்ட சிமெண்டில் குறுக்கே கோடு கீறினால் போதும். இரண்டு ஓரத்திலும் மூன்று இன்ச் வரம்பு கட்டினால் சக்கரம் வெளியே இறங்காது.

சரிவு போட முடியாத இடத்தில் படியையாவது திருத்துங்கள். உயரம் ஆறு இன்ச், மிதிக்கும் அகலம் ஒரு அடி, எல்லாப் படியும் ஒரே அளவு. ஏழு இன்ச் படிகள் இரண்டுக்கு நடுவே ஒரு ஐந்து இன்ச் படி வந்தால் அங்கேதான் தடுக்கும். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான். கடைசிப் படியைத் தாண்டி ஒரு அடி நீட்டி விடுங்கள். படி விளிம்பில் இரண்டு இன்ச் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட். கண்புரை உள்ளவருக்குச் சாம்பல் சிமெண்டில் விளிம்பு தெரியாது.

பாத்ரூம்

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முழுவதையும் இங்கே போடுங்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உடைத்தால்கூட அவர் மேல்தான் விழும். அகலம் மூன்று அடி; முடியாவிட்டால் இரண்டே முக்கால். தாழ்ப்பாள், வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

வாசலில் இருக்கும் மூன்று இன்ச் தடுப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்த மறுநாளே தண்ணீர் படுக்கையறைக்கு வரும் என்று கொத்தனார் பயமுறுத்துவார். வாட்டம் சரியில்லாவிட்டால் வரத்தான் செய்யும். தரையை முழுக்கக் கொத்தி, அடிக்குக் கால் இன்ச் வாட்டம் கொடுத்து, கதவுக்கு உள்பக்கம் குறுக்கே நீளக் கிரேட்டிங் ஒன்று பதித்தால் நிற்கும். பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டித் தடுப்பை மட்டும் உடைத்தால் கொத்தனார் சொன்னதுதான் நடக்கும்.

டைல்ஸ் ஓரடிக்கு ஓரடி, மேட். இரண்டுக்கு இரண்டு பெரிய டைல்ஸ் அழகு. ஆனால் இணைப்புக்கோடு குறைவு, பிடிப்பும் குறைவு. கடைக்காரர் ‘ஆன்டி ஸ்கிட்’ என்று காட்டுவதைத் தண்ணீர் ஊற்றி, சோப்பு தேய்த்து, வெறுங்காலால் மிதித்துப் பார்த்து வாங்குங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் எந்த டைல்ஸும் நிற்காது. குளித்து முடித்ததும் சலவை சோடா போட்டு வெந்நீர் விட்டுத் தேய்ப்பது வாராந்திர வேலையில் சேர வேண்டும். ஆசிட் வேண்டாம், இணைப்புக்கோட்டை அரித்துவிடும்.

வெஸ்டர்ன் டாய்லெட்டின் உட்காரும் உயரம் 18 முதல் 19 இன்ச். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 16 இன்ச்சுக்குப் பக்கம். அடியில் சிமெண்ட் மேடை கட்டி உயர்த்துங்கள். மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் வளையம் ஆடும். சுவரில் தொங்கும் வகை என்றால் வேண்டிய உயரத்திலேயே பொருத்தலாம்.

பிடிகம்பி. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒன்றேகால் முதல் ஒன்றரை இன்ச் விட்டம், சுவருக்கும் கம்பிக்கும் இரண்டு இன்ச்சுக்கு மேல் இடைவெளி கூடாது. கூடினால் முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். டாய்லெட் பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டேகால் முதல் இரண்டரை அடி உயரத்தில் ஒன்று கிடையாக, குளிக்கும் இடத்தில் ஒன்று நிமிர்ந்து. பழைய ஒன்பது இன்ச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்கும். இப்போது புதிதாகத் தடுத்த ஹாலோ பிளாக் சுவரிலோ வெள்ளைப் பிளாக் சுவரிலோ அதே போல்ட் கையோடு வந்துவிடும். அங்கே கம்பி வரும் இடத்தில் பிளாக்கை எடுத்துவிட்டுக் கான்கிரீட் நிரப்பிய பிறகுதான் டைல்ஸ். மாட்டி முடித்ததும் பிளம்பரையே தொங்கச் சொல்லுங்கள். தயங்கினால் கம்பி சரியில்லை. உறிஞ்சுகப் வைத்து ஒட்டுகிற கம்பியும் டவல் கம்பியும் பிடிகம்பி இல்லை. அவை இருந்தால் கை தானாக அங்கே போகும், ஆகவே கழற்றிவிடுங்கள்.

ஷவர் பழக்கம் இல்லாதவருக்கு ஷவர் வாங்கித் தருவதில் பயனில்லை. பக்கெட்டை ஒரு அடி உயரக் கல்மேடையில் வையுங்கள், பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்தில் உட்காரத் திண்ணை. குனிந்து சொம்பு எடுக்கும்போதுதான் தலை சுற்றும்.

மின்சாரமும் வெளிச்சமும்

ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஈ.பி. மீட்டர், தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). காம்பவுண்டு முழுவதற்கும் ஒன்றே ஒன்று மாட்டினால் யார் வீட்டு கீசரோ கசிந்தாலும் எட்டு வீடும் இருட்டு. இரண்டாவது முறை ட்ரிப் ஆனதும் யாராவது அதை நேரடியாகச் சேர்த்துவிடுவார்கள். மோட்டாருக்கும் முற்றத்து விளக்குக்கும் வேறு இணைப்பு. பொது இணைப்புக்கு, வீட்டு இணைப்புக்கு உள்ளதுபோல இலவச யூனிட் கிடையாது என்பதைப் பராமரிப்புக் கணக்குப் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் வீட்டில் பிளக் பாயிண்ட் ஒன்றரை அடி உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. படுக்கைக்குப் பக்கத்திலும் பாத்ரூம் வாசலிலும், ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கிற டூ-வே சுவிட்ச், வழியில் சின்ன இரவு விளக்கு. மோட்டாருக்கு மிதவை சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் பகலில் வீட்டில் இருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக டேங்க் நிறைந்ததா என்று பார்க்கும் வேலை பெரியவருடையது ஆகிவிடும்.

சத்தம்

பிள்ளைகள் கூச்சல் பெரியவர்களுக்கு இடைஞ்சல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடைமுறையில் பாதிப் புகார் எதிர்த்திசையில் வரும்: காது மந்தமான தாத்தா வைக்கும் டி.வி. சத்தம். காதோரம் வைக்கிற சின்ன ஸ்பீக்கரோ ஹெட்போனோ இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற காரியம். சண்டை வருவதற்கு முன்பே வாங்குங்கள். ஓட்டு வீடாக இருந்தால் நடுச்சுவர் எதுவரை போயிருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். பல இடங்களில் உத்தர மட்டத்தோடு நின்றுவிடும். மேலே எட்டு வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே பேச்சு, ஒரே கருவாட்டு வாசனை. ஓடு வரை செங்கல் வைத்து அடைத்துப் பூசினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குச் சமையலறைப் புகைக்குழாயை ஓட்டுக்கு மேல் மூன்றடி உயர்த்துங்கள். வாசனைக்குப் பயந்து ‘சைவம் மட்டும்’, ‘எங்க ஆளுங்க மட்டும்’ என்று போர்டு மாட்டுகிறவருக்கு இளம் குடித்தனம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது நிலைக்காது.

பிற்பகல் இரண்டு முதல் நான்கு, இரவு ஒன்பதரை முதல் காலை ஐந்தரை: இந்த நேரத்தில் பந்து, மிக்சி, கிரைண்டர் இல்லை. இதற்கு மேல் விதி போடாதீர்கள்.

திண்ணை எங்கே

சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டியில், முதியவர்களுக்கான 104 வீடுகள் உள்ள வளாகத்தில், குழந்தைகள் காப்பகத்தையும் முதியோர் மையத்தையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டட அழகு இல்லை. வேறு வேலையாக வருகிறவர்கள் வழியில் சந்தித்துக்கொள்வதுதான். மொட்டை மாடியில் பூந்தோட்டமும் நிழற்குடையும் போட்டால் பெரியவர்கள் ஏற முடியாது, இளையவர்களுக்கு நேரம் இருக்காது. திண்ணை தண்ணீர்க் குழாய்க்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவே, கேட்டைப் பார்த்து இருக்கட்டும். உயரம் ஒன்றரை அடி, ஆழம் ஒன்றரை அடி, முதுகு சாய, இரண்டு முனையிலும் கை ஊன்றி எழ ஒரு பிடி. நம் பழைய திண்ணைகளில் இல்லாதது இந்தப் பிடிதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கும்.

வீட்டு வாசலிலிருந்து கேட் வரை நாலடி அகல நடைபாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சைக்கிள், செருப்பு, குடம் எதுவும் கூடாது. கேட் முழுதாகத் திறந்தால் ஸ்ட்ரெச்சர் வளையாமல் வீட்டு வாசல் வரை வருகிறதா என்று ஆறடி நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். கொடியைக் கப்பி வைத்து இறக்கி ஏற்றுகிற மாதிரி கட்டினால் பெரியவர்களும் துணி காயப்போடலாம்.

உதவியை மணியில் எழுதுவது

‘பாசமா இருந்தாப் போதும்’ என்று விடுவதில்தான் இந்த மாதிரி இடங்கள் உடைகின்றன. கேட்கிறவருக்குக் கூச்சம், செய்கிறவருக்கு முடிவே தெரியாத பாரம். ஜெர்மனியில் முதியவர் வீட்டில் மாணவர் தங்கும் ஏற்பாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு மாதம் ஒரு மணி நேர உதவி என்று பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்பது மணி. டெவென்டரில் இலவச அறைக்கு மாதம் 30 மணி. அளவு எதுவானாலும் எண்ணாக இருப்பது முக்கியம்.

நம் காம்பவுண்டுக்கு இப்படிப் போடலாம். விருப்பப்படும் இரண்டு இளம் குடும்பங்கள், ஆளுக்கு மாதம் 10 மணி. மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் வாடகையில் 1,500 கழிவு. மொத்தம் 3,000. இதை மூன்று பெரியவர் வீடுகளும் ஆளுக்கு 1,000 எனப் பகிர்ந்து வாடகையோடு தருவார்கள். வீட்டுக்காரர் கைக்காசு போட வேண்டாம். போட்டால் ஒரு வருடத்தில் நிறுத்திவிடுவார். பெரியவர் நேரே கையில் காசு கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் அக்கம்பக்கம் வேலையாள் ஆகிவிடும்.

செய்யக்கூடியவை: மருந்து வாங்குவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது (நிறைந்த சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ), பல்பு மாற்றுவது, போனில் ஈ.பி. பில் கட்டுவது, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரித் துணை, மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பரில் உயிர்வாழ் சான்று. செய்யக் கூடாதவை: குளிப்பாட்டுவது, ஊசி போடுவது, தூக்கிப் படுக்க வைப்பது. இவற்றுக்குப் பழகிய ஆள் வேண்டும். ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வாங்கிக்கொண்டு போய்ப் பணம் எடுத்து வருவது எக்காரணம் கொண்டும் கூடாது. எடுத்து வந்தவர் நேர்மையானவராக இருந்தாலும், ஊரிலிருந்து வரும் பிள்ளை பாஸ்புக்கைப் பார்த்ததும் கேள்வி வரும். பேங்குக்குக் கூட்டிப் போகலாம், கார்டு அவர் பையிலேயே இருக்கட்டும்.

எதிர்த்திசைக்கும் எல்லை உண்டு. பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பாட்டி அரை மணி பார்த்துக்கொள்வது நல்லது. தினமும் மூன்று மணி நேரம் என்றால் அது காப்பகம், அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துக் கழிக்க வேண்டும். பார்சல் வாங்கி வைப்பதற்குப் பெரியவர் கதவைத் தட்டாமல் கேட்டருகே பூட்டுள்ள ஒரு பெட்டி வையுங்கள்.

சாவியும் காலை அடையாளமும்

தினமும் போய் “நல்லா இருக்கீங்களா பாட்டி” என்று கேட்பது இரண்டு வாரத்தில் நின்றுவிடும். கேட்காமலே தெரிகிற அடையாளம் வேண்டும். பால் பாக்கெட் பை அதற்கு ஏற்றது. காலை ஏழரைக்குப் பையில் பால் அப்படியே தொங்கினால் போன். எடுக்காவிட்டால் கதவைத் தட்டுவது. பத்து நிமிடம் பதில் இல்லையென்றால் மாற்றுச் சாவி. ஊருக்குப் போகிறவர் முதல் நாளே பையைக் கழற்றிவிட வேண்டும்.

மாற்றுச் சாவி இரண்டு வீடுகளில், உறையில் ஒட்டி, ஒட்டின இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டு இருக்கட்டும். உறை கிழிந்திருந்தால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். ஆனால் உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவியால் ஒன்றும் ஆகாது. பெரியவர் வீட்டுக் கதவில் மேல், கீழ் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் சாவியால் திறக்கிற பூட்டு ஒன்றை மட்டும் வையுங்கள். இரவில் உள்பக்கச் சாவியைப் பூட்டிலேயே விடக் கூடாது. சில பூட்டுகளில் அது வெளிச்சாவியைத் தடுக்கும். கிரில் கேட்டுக்கு உள்ளே தொங்கும் பூட்டின் சாவியும் அதே உறையில்.

கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: மருந்துகள், ஒவ்வாமை, ரத்த வகை, வழக்கமான ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் எண்கள், 108, முதியோர் உதவி எண் 14567. விழுந்தவரை உடனே கைகொடுத்துத் தூக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள். காலை அசைக்க முடியவில்லை, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். போர்த்திவிட்டு, 108 வரும் வரை அப்படியே விட வேண்டும்.

பத்திரம், கூட்டம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வழக்கம் பெரியவர்களின் மருத்துவச் செலவுக் காசை முடக்குகிறது, அதை விட்டுவிடுங்கள். உதவி மணிகளை வாடகைப் பத்திரத்துக்குள் எழுதாமல் தனித்தாளில், முதல் மூன்று மாதம் சோதனை என்று எழுதுங்கள். ஒத்துவராவிட்டால் மணியை மட்டும் நிறுத்தலாம், வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

மாதத்தில் முதல் ஞாயிறு திண்ணையில் அரை மணி நேரம். ஒரு நோட்டு, எழுதுகிறவர் மாதா மாதம் மாற வேண்டும். வாட்ஸ்அப் குழு அவசரத்துக்கு மட்டும். புகாரை அங்கே எழுத விட்டால் எழுத்தில் போனது திரும்பாது.

தேவை கூடும்போது

இரவில் ஒருமுறைக்கு மேல் ஆள் தேவைப்படுகிறது, மருந்தை மறந்து இரண்டு முறை சாப்பிடுகிறார், வீட்டு வழி தெரியாமல் கேட்டில் நிற்கிறார்: இவற்றில் ஒன்று வந்தாலே அது அக்கம்பக்கத்தால் ஆகிற காரியம் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, சம்பளத்துக்கு ஆள், காலியாக வைத்த எட்டாவது போர்ஷனில் அட்டெண்டர், அல்லது பராமரிப்பு உள்ள இடம் என்று மூன்றில் ஒன்றைப் பதினைந்து நாளுக்குள் முடிவு செய்யச் சொல்லுங்கள். இந்த அடையாளங்களைக் குடிவரும் நாளிலேயே பெரியவரிடமும் பிள்ளையிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது நல்லது. பின்னால் சொன்னால் விரட்டுகிறார்கள் என்று படும். அவர் காலி செய்து போனால் அந்தப் போர்ஷனை அதிக வாடகைக்கு இளையவருக்குக் கொடுக்கிற ஆசை வரும். பிடிகம்பியும் சரிவும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த பெரியவர் வரும்வரை இரண்டு மாதமாவது காத்திருங்கள்.